நூத்தி நாப்பது பொட்டு

ஏனுங்க்கா, மடியில வெச்சிருக்கறது சாமி படமுங்களா, ஆளு படமுங்களா?

இல்லீங்க, பேப்பர் சுத்தி, கயிறு கட்டி, பச்சைக் குழந்தையாட்டம் பிடிச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். முருகருங்களா? கண்ணாடி விரிசல் விட்டுருச்சு, மாத்திட்டுப் போறீங்க. நல்லதுங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க, இந்த டிரைவர் குழியைத் தேடித் தேடி விடுவார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எம் மக காலை நீட்டினா உதைச்சுப் போடுவா. தன்ஷிகா, அத்தையை உதைக்காத சாமி. ரெண்டு வயசுதானுங்க, காலு மட்டும் கழுதைக்காலு.

சாமி படத்துக்குச் சட்டம் இருக்குதுங்க. உடைஞ்சா வீட்டுல வெச்சுக்கக் கூடாது, குப்பையிலயும் போடக் கூடாது. கண்ணாடி மாத்தறவங்க மாத்துவாங்க, இல்லாட்டி அரசமரத்தடியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். சரிங்க, ஆளு படத்துக்கு என்ன சட்டம்? அதுவும் செத்துப் போயிச் சாமியான ஆளு படத்துக்கு? பாத்தீங்களா, உங்களுக்கே தெரியலை. எனக்கும் தெரியலை. நானா ஒரு சட்டம் போட்டேன், அதுல வந்த வம்புதான் இத்தனையும்.

எங்கூட்டுக்காரருக்கு நான் ரெண்டாவதுங்க. மொதல்ல ஒருத்தி இருந்தா, சுகந்தின்னு. கல்யாணமாகி எட்டு மாசத்துல காய்ச்சல் வந்து போயிட்டா. பொட்டும் பூவுமாப் போனவ, அப்புறமென்ன, வீட்டுக்குச் சாமி ஆயிட்டா. பெரிய போட்டோவாப் போட்டு, மரச்சட்டம் அடிச்சு, அடுப்படியைப் பாத்த மாதிரி மாட்டி வெச்சாங்க எங்க மாமியா. மூணு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம அவளுக்கு விளக்கேத்தி, பூ வெச்சு, பொட்டு வெச்சவ நானுங்க. பெத்த தாய்க்குக் கூட இப்படிச் செஞ்சதில்லை.

எனக்கு அவ மேல ஒண்ணும் கிடையாதுங்க. சத்தியமா. அவ ஜாக்கெட்டையெல்லாம் பிரிச்சுத் தெச்சுத்தான் எனக்குக் குடுத்தாங்க, நான் மூஞ்சியைச் சுளிச்சனா? இல்லை. இந்தக் கம்மல் பாருங்க, அவளுதுதான். நல்லாத்தானே இருக்குது? பருப்புல உப்புக் கூடிப் போனா எங்க அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, அவ்வளவு நல்லவங்க. நேரா அந்தப் படத்தைப் பாத்து ஒரு பெருமூச்சு விடுவாங்க. அவளும் பல்லுத் தெரியாமச் சிரிச்சுக்கிட்டே இருப்பா. என்ன சிரிப்போ.

சித்திரை கடைசி வெள்ளியில படம் விழுந்துருச்சு. பூனை தள்ளி விட்டுருச்சுங்க. அத்தை அன்னிக்கு மக வீட்டுக்குப் போயிருந்தாங்க. எங்கூட்டுக்காரர் மஞ்சள் மண்டிக்கு லாரி எடுத்துட்டுப் போயிட்டார். எடுத்துப் பாத்தா கண்ணாடியில குறுக்கே ஒரு விரிசல், நெத்தியில ஆரம்பிச்சுத் தாவாக்கட்டை வரைக்கும். நான் யோசிச்சேன். இவ சாமிதானே? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க? அப்ப சாமி படத்துக்கு என்ன சட்டமோ, இவளுக்கும் அதே சட்டம். துண்டுல சுத்தி அரசமரத்தடிக்குக் கொண்டு போயிட்டேன்.

கண்ணாடி மாத்தினாப் போச்சுங்கறீங்க. எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சுதானே ஒருத்தர்கிட்டயும் நான் கேக்கலை!

அத்தை வந்ததும், "பவானியில கண்ணாடி மாத்தக் குடுத்திருக்கறேனுங்க அத்தை"ன்னு சொல்லிப் போட்டேன். ஒரு வாரம் கழிச்சு வந்துருச்சான்னு கேட்டாங்க. கடைக்காரருக்குக் கண்ணு வலின்னேன். அடுத்த வாரம் கேட்டாங்க. சட்டத்துக்கு அதே மரம் கிடைக்கலைன்னேன். அந்தக் கடைக்காரர் குடும்பத்துல நான் போட்ட எழவும் கல்யாணமும் அவருக்கே தெரியாதுங்க. கடைசியில அத்தை ஒரே முடிவாச் சொல்லிட்டாங்க: "ஆடி அமாவாசைக்குப் படம் செவுத்துல இருக்கணும். இல்லீன்னா நானே பவானிக்குப் போயிக் கேட்டுக்கறேன்."

இந்த நேரத்துலதான் ஊருக்கு நந்திதா மேடம் வந்து சேந்தாங்க.

மெட்ராஸ்காரங்க. கலைஞருங்க. படம் வரையறவங்கன்னு நினைச்சுக்காதீங்க. வரையறதெல்லாம் பழசாம். இவங்க பொறுக்கறவங்க. ஊருக்கு வெளிய பூட்டிக் கிடந்த ரைஸ்மில்லை வாடகைக்கு எடுத்துக்கிட்டு, காலையில செருப்பில்லாமக் கிளம்புவாங்க, பொழுதேறிக் கோணிப்பை நிறையத் திரும்புவாங்க. நான் மத்தியானச் சமையலுக்குப் போனேன். மொத நாளே ஒரு ட்யூப்லைட் சோக்கை என் கையில வெச்சு, "கண்ணை மூடுங்க கோகிலவாணி. இந்தப் பொருள் உங்ககிட்ட என்ன சொல்லுது?"ன்னாங்க.

"இனி எரியாதுன்னு சொல்லுதுங்க மேடம்."

அவங்க அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்கக்கா! இனி எரியாதுன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு.

இன்னொரு நாள் ஒரு குக்கர் மூடியைச் செவுத்துல மாட்டி, அதுக்கு முன்னாடி கண்ணை மூடி உக்காந்திருக்கறாங்க. என்னங்க மேடம்னேன். "பிரபஞ்சத்தோட மௌனம்"னாங்க. எங்கூட்டுக் குக்கர் மூடிங்க அது! மேல வெயிட்டே இல்லை, மௌனமா இல்லாம விசிலா அடிக்கும்? ஆனா சம்பளம் குடுக்கறவங்க சொன்னா பிரபஞ்சம்தான்.

அவங்க இந்த மாதிரி சாமானுக்கு ஒரு பேர் வெச்சிருந்தாங்க, 'கண்டெடுத்த பொருட்கள்'னு. எனக்கு அதுதான் பொறுக்கலை. "மேடம், கண்டெடுக்கணும்னா மொதல்ல காணாமப் போயிருக்கணுமுங்க. இதெல்லாம் எங்க போச்சு? நாங்கதானே கொண்டு போயி வெச்சோம்"னேன். அவங்க என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "காணாமல் போனது பொருள் இல்லை, நாம்தான்"னாங்க. நான் ரசம் வெக்கப் போயிட்டேன்.

ஆனி மாசம் ஒரு நாள் கூப்பிட்டாங்க. "வாங்க, பெரிய வேலை முடிஞ்சுது, நீங்கதான் முதல்ல பார்க்கணும்."

மில்லோட பழைய கதவு, ஆள் உசரத்துக்கு மேல. அதுல ஒடைஞ்ச விளக்கு, சாவிக் கொத்து, பொம்மைக்கை, மூக்கில்லாத பிள்ளையார், நம்ம குக்கர் மூடி, எல்லாம் ஒட்டியிருக்குது. நட்டநடுவில, சட்டத்தோட, விரிசலோட, பல்லுத் தெரியாமச் சிரிச்சுக்கிட்டு, சுகந்தி.

முந்தானையை இழுத்து என் காதுக் கம்மலை மூடிக்கிட்டேன்.

மேடம் பக்கத்துல நின்னு மெதுவாச் சொல்றாங்க: "அரசமரத்தடியில் கண்டெடுத்தேன். யாரோ ஒரு பெண். பேரில்லை, ஊரில்லை. இந்த விரிசல்தான் இந்தப் படைப்போட ஆன்மா."

பேரில்லையா? சுகந்தி. ஊரு கவுந்தப்பாடிப் பக்கம். எட்டாவது வரைக்கும் படிச்சவ. சுரைக்காய் ஆகாது. ஜாக்கெட் அளவு கூட எனக்குத் தெரியும். எதைச் சொல்றது?

"இங்க பாருங்க, நெத்தியில கண்ணாடி மேல குங்குமம் அடுக்கடுக்காப் படிஞ்சிருக்கு. வாரா வாரம் யாரோ ஒருத்தி வந்து வெச்சிருக்கா. எவ்வளவு அழுத்தம் பாருங்க. பாசத்துல வெச்ச பொட்டு இப்படி இருக்காது கோகிலவாணி. இது கட்டைவிரலால கண்ணாடியைக் குத்தின மாதிரி இருக்கு."

சிரிச்சுட்டேனுங்க. என் விரலே அப்படித்தான். அடை தட்டித் தட்டி உரமேறின விரல். இதுக்கெல்லாம் ஒரு அர்த்தமாங்க? படிச்சவங்களுக்கு வேற வேலையில்லை.

"மேடம், அந்தப் படம் மட்டும் வேண்டாமுங்க, எடுத்துருங்க"ன்னேன்.

"ஏன்?"

"பாத்தா ஒரு மாதிரி இருக்குதுங்க."

அவ்வளவுதான், அவங்க முகம் விளக்கு வெச்சாப்ல ஆயிருச்சு. "இருக்கணும்! ஒரு மாதிரி இருக்கணும்! படைப்பு உங்ககிட்ட பேசுதுன்னு அர்த்தம்." அப்புறம்தான் தலையில கல்லைத் தூக்கிப் போட்டாங்க. ஆடி மூணாவது ஞாயிறு ரைஸ்மில்லுல கண்காட்சியாம், ஊரே வரணுமாம், பிரசிடெண்டு திறந்து வெக்கறாராம்.

ஊரேன்னா எங்க அத்தையும்தானே. அமாவாசைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை. பவானியில கண்ணாடி மாத்திக்கிட்டிருக்கற படம் ரைஸ்மில் கதவுல தொங்கினா எப்படி இருக்கும்? எங்க அத்தை அழ ஆரம்பிச்சா மூணு தெருவுக்குக் கேக்கும். "எம் மருமக சாமியை வீதியில வீசிட்டா"ன்னு ஒரு சொல்லுப் போதும், நான் எம் மகளைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுத் திசையைப் பாக்க வேண்டியதுதான். எங்கூட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அவர் எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டார், அதுதானே பயம்.

கழட்டிட்டு ஓடிரலாம்னு பாத்தேன். இரும்பாட்டம் ஒட்டியிருந்துச்சு. சரி, எடுக்க முடியலைன்னா மறைக்கலாமே? அடுத்த நாள் மேடம் வெளிய போன நேரமா முருகர் காலண்டரை எடுத்து மேல தொங்க விட்டேன். வந்து பாத்தாங்க. "கடவுளுக்குப் பின்னால் பெண்! யார் செஞ்சது?"ன்னு குதிச்சாங்க. நான்னேன். கொஞ்ச நேரம் ரசிச்சுட்டு, "ஆனா ரொம்ப நேரடியா இருக்கு"ன்னு முருகரைக் கழட்டிட்டாங்க. மஞ்சத்துணியைப் போட்டேன். அதுவும் நேரடியா இருக்குதுன்னுட்டாங்க. எனக்கு ஆத்திரம் வந்து, இடுப்புல இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, அவ ரெண்டு கண்ணு மேலயும் ரெண்டு பொட்டை வெச்சுத் தேச்சு விட்டேன். அவங்க முன்னாடியேதானுங்க. வேலையை விட்டு நிறுத்தினா நிறுத்தட்டும்னு.

மேடம் வாயைப் பொத்திக்கிட்டு ரெண்டடி பின்னாடி போனாங்க. கண்ணுல தண்ணி. "கோகிலவாணி, நிறுத்தாதீங்க. தொடர்ந்து செய்யுங்க."

நிறுத்தச் சொன்னாலும் நான் நிறுத்தறதா இல்லை. செஞ்சேன். அட்டை மேல அட்டை. மூக்குக்குச் சின்னப் பொட்டு, கன்னத்துக்குப் பெரிய பொட்டு, அரக்கு, சிவப்பு, பச்சை, கல் வெச்சது. அந்தச் சிரிப்பு இருந்த இடத்துல மட்டும் ரெண்டு வரிசை. நாலு நாளு ஆச்சுங்க. தன்ஷிகா பக்கத்துல உக்காந்து பொட்டை உரிச்சு உரிச்சுக் குடுத்தா. உள்ளபடி சொல்றேன், நல்லா இருந்துச்சுங்க அந்த வேலை. ராத்திரி படுத்தா எந்த நிறத்துக்குப் பக்கத்துல எந்த நிறம்னு ஓடும். எல்லாம் முடிஞ்சப்ப மூஞ்சியே தெரியலை, பொட்டுத்தான் தெரிஞ்சுது. நூத்தி நாப்பதுன்னு மேடம் எண்ணினாங்க. இடது காதும் கம்மலும் மட்டும் பாக்கி. அதுலயும் வெக்கப் போனேன், கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அங்க மட்டும் அவ மூச்சு விடட்டும்."

காதுல யாருங்க மூச்சு விடுவாங்க? சொன்னாக் கேக்கலை.

ஒண்ணு சொல்றேன், ஆன்மா ஆன்மான்னு அவங்க சொல்றதெல்லாம் சும்மாங்க. ஆனா அந்த நாலு நாளும் வீட்டுல பருப்புல உப்பு சரியா நின்னுச்சு. அது ஏதோ தற்செயல்.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமைதான் கண்காட்சி. கோயமுத்தூர்ல இருந்து கார் கார் கார். நான் சுண்டலும் டீயும். கதவுக்குப் பக்கத்துல ஒரு அட்டை வெச்சிருந்தாங்க: "அவள். கண்டெடுத்த பொருட்கள், பசை, நினைவு." பசையை நான்தான் வாங்கிட்டு வந்தேன். நினைவை எந்தக் கடையில வாங்கினாங்களோ. கண்ணாடி போட்ட ஒருத்தர் மூக்கு ஒட்டற அளவுக்குக் கிட்ட போயி, "பெண்ணின் முகத்தைப் பண்பாடு விழுங்குகிறது"ன்னார். விழுங்கினது நான்தானுங்கன்னு சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

பத்து மணி வாக்குல எங்க அத்தை வந்தாங்க. பிரசிடெண்டு சம்சாரம் கூட்டிட்டு வந்துட்டாங்க, பட்டுச் சேலை வேற. நான் காதை முந்தானையில மூடிக்கிட்டு டீ டம்ளருக்குப் பின்னாடி நிக்கறேன். அத்தை ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு வந்து கதவுக்கு நேரா நின்னாங்க. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். எம் மகளை எந்த இடுப்புல தூக்கறது, துணியை எந்தப் பையில போடறதுன்னு வரைக்கும் யோசிச்சுட்டேன்.

"ஏ புள்ள, இங்க வா"ன்னாங்க.

போனேன்.

"அது நம்மூட்டுக் குக்கர் மூடியல்ல?"

"ஆமாங்க அத்தை."

"எனக்கு அப்பவே தெரியும். கைப்பிடியில சூடு வெச்ச தழும்பு இருக்குது பாரு. நல்ல மூடி. இதைப் போயி கதவுல ஒட்டி வெச்சிருக்கறாளே!" அப்புறம்தான் நடுவுல பாத்தாங்க. பொட்டைப் பாத்தாங்க. காதைப் பாத்தாங்க, கம்மலைப் பாத்தாங்க. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "எந்தூட்டு மகராசியோ, பொட்டும் பூவுமாப் போயிச் சேந்துட்டா"ன்னாங்க. சொல்லிட்டு, "சுண்டல்ல தேங்காயே காணமே"ன்னு கேட்டுக்கிட்டுத் திண்ணப் போயிட்டாங்க.

அக்கா, எனக்கு வந்த சிரிப்புல கிறுகிறுத்துப் போச்சு. மூணு வருஷமா அந்தக் காதுக்கு நேரா நின்னு மூக்கைச் சிந்தினவங்க! குக்கர் மூடியைத் தெரியுது, மருமகளைத் தெரியலை! தப்பிச்சேன்டா சாமின்னு ரெண்டு வாய் சுண்டலை நானே அள்ளிப் போட்டுக்கிட்டேன். அமாவாசைக்கு வேற போட்டோவைப் பெருசாக்கி மாட்டிரலாம், கல்யாண ஆல்பம் பரண்லதான் இருக்குதுன்னு மனசுக்குள்ள கணக்கும் போட்டுட்டேன். அந்தப் பூனை மட்டும், இல்லீங்க, எங்கூட்டுல பூனை இல்லை, பக்கத்து வீட்டுது, அந்த ஒட்டடைக் குச்சி மட்டும் அன்னிக்கு ஆணியில படாம இருந்திருந்தா எனக்கு இத்தனை பாடே இல்லை.

எல்லாரும் போயிட்டாங்க. டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டு உள்ள வந்தா, எங்கூட்டுக்காரர் நிக்கறார். லாரியை ரோட்டுல நிறுத்திட்டு என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவர். கதவுக்கு முன்னாடி நிக்கறார். கையில செருப்பு. செருப்பை எதுக்குங்க கழட்டினார்? கோயிலா அது? ரைஸ்மில்லு.

நான் கிட்ட போகலை. மேடம்தான் சந்தோஷமாப் போனாங்க. "நீங்க கோகிலவாணி கணவரா? பெருமைப்படணும் நீங்க. இந்தப் பொட்டு எல்லாம் உங்க மனைவி ஒட்டினது. ஒவ்வொண்ணா. நாலு நாள்!"

அவர் திரும்பி என்னைப் பாத்தார். கோபமா இல்லீங்க. கோபமா இருந்தா எனக்குப் பதில் இருக்குது, பூனை இருக்குது. சும்மா பாத்தார். என் காதைப் பாத்தார். மறுபடி படத்துல இருக்கற அந்தக் காதைப் பாத்தார். ஆள்காட்டி விரலை நீட்டி அந்தக் கம்மல் மேல வெச்சார், கண்ணாடி மேலதான், ரொம்ப மெதுவா, சூடா இருக்குதான்னு தொட்டுப் பாக்கற மாதிரி. அவருக்கு இந்தக் கலையெல்லாம் பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. மூணு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்தா, பஸ் லட்சுமி நகர் வந்துருச்சு, அடுத்தது உங்க ஸ்டாப்புங்களா? இருங்க, முடிச்சுடறேன். நான் எங்கம்மா வீட்டுக்குச் சும்மாதான் போறேன், ரெண்டு நாளு. கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைச்சுக்காதீங்க. எதுக்குக் கோபம்? அவர் ஒண்ணும் திட்டலை. சொல்லப் போனா கல்யாணமான நாள்ல இருந்து 'ஏ'ன்னும், 'பாப்பா அம்மா'ன்னும் கூப்பிட்டவர் அன்னிக்குத்தான் மொத தடவையா வாய் நிறையக் 'கண்ணு'ன்னு கூப்பிட்டார். முகம் மட்டும் கதவுப் பக்கமே இருந்துச்சு.

செல்லை எடுத்து என் கையில குடுத்தார். கதவுக்குப் பக்கத்துல போயி, அதை ஒட்டின மாதிரி, சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டு நின்னார். அப்புறம் ரொம்ப மெதுவா, மேடத்துக்குக் கேக்காத மாதிரிக் கேட்டார்:

"ஒரு போட்டோ எடு. அதுக்கு முன்னாடி, அந்தக் கண்ணு மேல இருக்கற ரெண்டு பொட்டை மட்டும் எடுத்து விட்டுர்றயா, கண்ணு?"